வேட்டைப் பறவையும் வேட்டையாடும் பறவையும்

முற்றத்தில் தாய்க்கோழியோடு மேயும் பத்துக் குஞ்சுகளில் ஒன்றைப் பருந்து தூக்கிச் சென்றால் மீதி ஒன்பது. இந்தக் கணக்கில் எவருக்கும் ஐயம் எழாது. வீட்டுக் கோழிக்கு நாம் தீனி போடுகிறோம். இரவில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடுகிறோம். ஆகவே பருந்து எடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் குஞ்சு பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஆனால், தீனி போடவும் பஞ்சாரம் கவிழ்க்கவும் ஆள் இல்லாத காட்டுப் பறவைக்கு இதே கழித்தல் கணக்குப் பொருந்துமா?

எளிய கேள்வியாகத்தான் தோன்றுகிறது. ஆயினும் இதற்கு விடை காண ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. விடையைப் பொறுத்துச் சிலருடைய பிழைப்பும், ஓர் அரிய பருந்தினத்தின் வாழ்வும் அமைந்திருந்தன. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

கிரவுஸ் நிலம்

ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் மரங்களற்ற மேட்டு நிலங்கள் பரந்து கிடக்கின்றன. முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்னும் குறும்புதர் அங்கே அடர்ந்து வளர்கிறது. இந்தப் புதரின் இளந்தளிரைத் தின்று வாழ்வது செங்கிரவுஸ் என்னும் பறவை. நம் ஊர்க் கௌதாரிக்கு இது தூரத்து உறவு. கௌதாரியைவிடச் சற்றுப் பெரியது. தரையிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 12ஆம் நாள் இதன் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. பெரும் பணம் கொடுத்துச் சுட வருவோர் உண்டு. ஆகவே நிலவுடைமையாளருக்கு இந்தப் பறவை ஒரு விளைச்சலைப் போன்றது.

இந்த விளைச்சலைப் பெருக்க, வேட்டைக்காவலர்கள் என்னும் பணியாளர்களை அமர்த்துகின்றனர். முதிர்ந்த ஹெதரைத் துண்டு துண்டாக எரித்து இளந்தளிர் வரச் செய்வதும், நரி, காகம், கீரியை ஒத்த ஸ்டோட் என்னும் சிறு விலங்கு ஆகியவற்றைக் கொல்வதும் இவர்கள் வேலை. முற்காலத்தில் பருந்துகளையும் சுட்டும் கண்ணி வைத்தும் கொன்றனர்.

அவ்வாறு கொல்லப்பட்டவற்றுள் முதன்மையானது பூனைப்பருந்து. இதன் உறவினங்கள் சில குளிர்காலத்தில் நம் புல்வெளிகளுக்கும் வயல்களுக்கும் வலசை வருகின்றன. சிறகுகளைச் சற்றே மேல்நோக்கி விரித்துத் தரையை ஒட்டி மிதந்து செல்லும் பருந்தைக் கண்டிருந்தால், நீங்கள் இந்தக் குடும்பத்தை அறிந்தவரே. பிரிட்டனின் பெருந்தீவில் இது 1900ஆம் ஆண்டையொட்டிக் குஞ்சு பொரிப்பதே நின்றுபோகும் அளவுக்கு அழிக்கப்பட்டது. சுற்றியுள்ள சிறு தீவுகளில் மட்டும் எஞ்சியது. 1954ஆம் ஆண்டின் பறவைப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் காவலாக வந்தது. பருந்து மெல்லத் திரும்பியது. அதனுடன் வழக்கும் திரும்பியது. "பருந்து பெருகினால் கிரவுஸ் இராது" என்றனர் காவலர்கள். "பருந்தும் கிரவுஸும் பன்னெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்தவைதாமே" என்றனர் பறவை ஆர்வலர்கள். யார் சொல்வது சரி?

நிரம்பி வழியும் தொட்டி

முதல் விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. பால் எரிங்டன் என்ற விலங்கியலறிஞர் 1930களில் விஸ்கான்சின், அயோவா மாநிலங்களில் பாப்வொயிட் என்னும் காடையினத்தை ஆராய்ந்தார். பனிக்காலத்தில் ஒவ்வொரு புதர்க்காட்டிலும் எத்தனை காடைகள் எஞ்சுகின்றன என்று ஆண்டுதோறும் எண்ணினார். கொம்பன் ஆந்தைகள் காடைகளைத் தின்றது உண்மை. ஆனால் ஆந்தைகள் மிகுந்த ஆண்டிலும் குறைந்த ஆண்டிலும் வசந்தத்தில் எஞ்சிய காடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதற்கு மேற்பட்ட பறவைகள் குளிராலோ பசியாலோ ஆந்தையாலோ எப்படியும் மடியவேண்டியவையே என்று அவர் முடிவு செய்தார்.

ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அதன் மேற்பகுதியில் வழிகுழாய் ஒன்று உள்ளது. கோடையில் தொட்டி நிரம்பி, வழிகுழாய்க்கு மேலும் நீர் நிற்கிறது. அந்த மேல்நீர் எப்படியும் வழிந்து போகும். அதை ஒரு மாடு வந்து குடித்தால் தொட்டிக்கு இழப்பில்லை. வழியவேண்டிய நீர் அதன் வயிற்றுக்குள் போனது, அவ்வளவே. ஆனால் மாடு வழிகுழாய் மட்டத்துக்குக் கீழும் குடித்தால் இழப்பு மெய்யானது. முன்னதை 'ஈடாகும் இறப்பு' என்றும் பின்னதைக் 'கூடுதல் இறப்பு' என்றும் அழைக்கலாம்.

கிரவுஸுக்கும் இது பொருந்தும் எனக் காட்டியவர்கள் டேவிட் ஜென்கின்ஸ், ஆடம் வாட்சன் ஆகியோர். 1950களின் பிற்பாதியில் தொடங்கி, ஸ்காட்லாந்தின் கிளென் எஸ்க் பள்ளத்தாக்கில் இவர்கள் ஆராய்ந்தனர். இலையுதிர்காலத்தில் கிரவுஸ் சேவல்கள் நிலத்தைத் தமக்குள் பங்கு போட்டுக் கொள்கின்றன. பங்கு கிடைக்காத பறவைகள் ஒதுக்கிடங்களில் அலைகின்றன. குளிர்காலத்தில் நரிக்கும் பருந்துக்கும் இரையாவன பெரும்பாலும் இந்த நிலமற்ற பறவைகளே. நிலமுள்ள சேவல் ஒன்றை அகற்றினாலோ, நிலமற்ற ஒன்று வந்து அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டது. ஆகவே அங்கே ஊனுண்ணிகள் வசந்தகால எண்ணிக்கையைப் பெரிதும் மாற்றவில்லை.

பறவை ஆர்வலர்களுக்கு இது நற்செய்தி. வழக்கு முடிந்தது என்றே பலர் நினைத்தனர்.

எந்தக் கணக்கு?

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். ஒரு நிலத்தில் நூறு இணைகளுக்கு, அதாவது 200 பறவைகளுக்கு இடம் உள்ளது. கோடை முடிவில் குஞ்சுகளுடன் சேர்த்து 500 பறவைகள் ஆகின்றன. அடுத்த வசந்தத்துக்குள் 300 மடிந்தே தீரும். இப்போது கோடையிலேயே பருந்துகள் குஞ்சுகளைப் பிடித்து, 500ஐ 250 ஆக்கிவிட்டன என்று கொள்வோம். குளிரிலும் பசியிலும் 50 மட்டும் மடியும். வசந்தத்தில் அதே 200 இருக்கும்.

இனத்தைக் காக்க விரும்புபவர் வசந்தத்தில் எண்ணுகிறார்; "ஒன்றும் குறையவில்லை" என்கிறார். நிலவுடைமையாளரோ இலையுதிர்காலத்தில் எண்ணுகிறார்; அவருடைய அறுவடையே வழிந்தோடும் அந்த 300தான். அது 50 ஆகிவிட்டதால் "எல்லாம் போயிற்று" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே தொட்டியை இருவரும் வேறு வேறு பருவத்தில் அளக்கின்றனர். தொட்டிக்கு இழப்பில்லாத வழிநீர்தான் அவர் வயலுக்குப் பாசனம்! வேட்டைப் பறவைகளைப் பற்றிய வாதங்களில் பாதி, இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதால் வளர்கிறது.

தட்டை மாற்றி எடையிடுதல்

எண்ணிப் பார்ப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல். தென் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் சாம்பல்நிறக் கௌதாரியைக் கொண்டு அத்தகைய சோதனை ஒன்று 1985 முதல் 1990 வரை நடந்தது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள, ஒரே தன்மையுள்ள இரண்டு நிலங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்றில் மட்டும், கௌதாரி அடைகாக்கும் பருவத்தில் நரி, காகம் முதலியவற்றைக் கொன்று குறைத்தனர். மூன்று ஆண்டுகள் கழித்து நிலங்களை மாற்றிக் கொண்டனர்: கொன்ற இடத்தில் கொல்வதை நிறுத்தினர், கொல்லாத இடத்தில் தொடங்கினர்.

இயற்பியல் ஆசிரியனான எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது இந்த மாற்றமே. தராசின் இரு கைகளும் சமமா என்ற ஐயம் எழுந்தால், பொருளை இடத்தட்டில் ஒருமுறையும் வலத்தட்டில் ஒருமுறையும் வைத்து எடை காண்கிறோம் அல்லவா? அதே முறைதான் இங்கும். ஒரு நிலம் இயல்பாகவே வளமானதாக இருந்தால் அந்தப் பிழை இம்மாற்றத்தில் வெளிப்பட்டுவிடும்.

முடிவு தெளிவாக இருந்தது. ஊனுண்ணிகளைக் குறைத்த இடத்தில் வெற்றியுடன் குஞ்சு பொரித்த இணைகள் மிகுந்தன. மூன்று ஆண்டுகளின் தொடர் விளைவாக இலையுதிர்கால எண்ணிக்கை மூன்றரை மடங்காகவும், அடைகாக்கும் பறவைகளின் எண்ணிக்கை 2.6 மடங்காகவும் இருந்தன. அதாவது இங்கே வசந்தகால எண்ணிக்கையே உயர்ந்தது. இறப்பில் ஒரு பகுதி 'கூடுதல் இறப்பு' என்று மெய்ப்பிக்கப்பட்டது. காரணம் எளிது. குளிர்காலத்தில் நிலமற்ற பறவை மடிந்தால் அதன் இடத்தில் இன்னொன்று இருக்கிறது. அடைகாக்கும் பெட்டையை நரி பிடித்தாலோ முட்டைகளும் போயின. அந்த ஆண்டில் ஈடு செய்ய எதுவும் இல்லை. கொல்லும் விலங்கு எது என்பதைப் போலவே, எந்தப் பருவத்தில் கொல்கிறது என்பதும் முதன்மையானது.

லாங்ஹோம் வழக்கு

நரியைச் சட்டப்படி கொல்லலாம், சோதிக்கலாம். பாதுகாக்கப்பட்ட பருந்தை என்ன செய்வது? அதைக் கொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே சோதனை. ஸ்காட்லாந்தின் தென் எல்லையிலுள்ள லாங்ஹோம் என்ற கிரவுஸ் நிலத்தில் 1992இல் இந்த ஆய்வு தொடங்கியது. ஸ்டீவ் ரெட்பாத், சைமன் தர்குட் ஆகிய இருவரும் அதை நடத்தி 1997இல் முடிவுகளை வெளியிட்டனர். காவலர்கள் நரியையும் காகத்தையும் வழக்கம்போல் கட்டுப்படுத்தினர். பருந்துகளை எவரும் தொடவில்லை.

1992இல் அங்கே அடைகாத்த பூனைப்பருந்துப் பெட்டைகள் 2. 1997இல் அவை 20 ஆயின. பூனைப்பருந்தும் பொரி வல்லூறும் சேர்ந்து, வசந்தத்தில் அடைகாக்க வந்த கிரவுஸ்களில் ஆண்டுக்குச் சராசரி 30 விழுக்காட்டைக் கொன்றன. பூனைப்பருந்துகள் 1995, 1996ஆம் ஆண்டுகளின் கோடையில் கிரவுஸ் குஞ்சுகளில் சராசரி 37 விழுக்காட்டைத் தின்றன. இந்த இழப்புகள் சேர்ந்து இலையுதிர்கால எண்ணிக்கையைப் பாதியாக்கின. கிரவுஸ் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இயல்பாக ஏறி இறங்குவது. 1996இல் அக்கம்பக்கத்து நிலங்கள் இரண்டில் அது உச்சத்தை எட்டியது. அதுவரை அவற்றோடு ஒத்து ஏறி இறங்கி வந்த லாங்ஹோமில் மட்டும் உச்சம் வரவில்லை.

காவலர்கள் வென்றனர் என்று சொல்லத் தோன்றுகிறதா? பொறுங்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. லாங்ஹோமில் ஆண்டுதோறும் சுடப்பட்ட கிரவுஸ்களின் பதிவேட்டில், பருந்து பெருகுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே எண்ணிக்கை சரிந்துகொண்டு வந்திருக்கிறது. பழைய வான்படங்களை ஒப்பிட்டபோது காரணம் தெரிந்தது. 1948க்கும் 1988க்கும் இடையில், ஹெதர் மிகுந்திருந்த நிலத்தில் 48 விழுக்காடு மறைந்து புல்லாகிவிட்டது. ஆடுகள் அளவுக்கு மீறி மேய்ந்ததே இதற்கு முதன்மைக் காரணம்.

பருந்தின் தொகையை முடிவு செய்வது எது?

புல் பெருகியதற்கும் பருந்துக்கும் தொடர்பு உண்டு. பூனைப்பருந்து கிரவுஸை நம்பி வாழ்வதில்லை. அதன் அன்றாட உணவு நெட்டைக்காலி என்னும் சிறு குருவியும், வோல் எனப்படும் புல்வெளி எலியும் ஆகும். ஹெதரும் புல்லும் கலந்த நிலத்தில்தான் இவை மிகுதி. ஆகவே ஆடு ஹெதரைத் தின்றது, புல் வளர்ந்தது, நெட்டைக்காலியும் எலியும் பெருகின, அவற்றால் பருந்து பெருகியது, பெருகிய பருந்து கிரவுஸ் குஞ்சையும் தின்றது. கிரவுஸ் குறைந்தாலும் பருந்துக்குப் பட்டினி இல்லை. எனவே பருந்து குறைவதில்லை.

ஐஸ்லாந்தில் நிலைமை வேறு. அங்குள்ள ஜிர்வல்லூறு, டார்மிகன் என்ற கிரவுஸினப் பறவையையே பெரிதும் நம்பி வாழ்கிறது. டார்மிகன் ஏறத்தாழப் பத்தாண்டுச் சுற்றில் ஏறி இறங்குகிறது. சில ஆண்டுகள் பிந்தி வல்லூறும் ஏறி இறங்குகிறது. இரை குறைந்தால் கொல்வோனும் குறைகிறான். இரை மீள வழி பிறக்கிறது. பலவற்றைத் தின்னும் ஊனுண்ணிக்கு இந்தக் கடிவாளம் இல்லை. எண்ணிக்கையில் தாழ்ந்துவிட்ட இரையினத்தை அது பள்ளத்தில் விழுந்த பந்தைப்போல் அங்கேயே நிறுத்தி வைக்கக்கூடும். பந்து அங்கே விழுந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம். மேலே வர முடியாமல் தடுப்பது ஊனுண்ணியாக இருக்கலாம். லாங்ஹோமில் நடந்ததை இவ்வாறு புரிந்துகொள்ளலாம்.

காவல் போனபின்

கிரவுஸ் குறைந்ததால் வேட்டை நின்றது. வேட்டை நின்றதால் 1999இல் காவலர்களுக்கும் வேலை போயிற்று. பருந்துக்கு இனிப் பொற்காலம் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். காவல் நீங்கியதும் நரியும் காகமும் பெருகின. பூனைப்பருந்தும் தரையில்தான் கூடு கட்டுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் அதன் கூடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. கிரவுஸும் மேலும் குறைந்தது. தரையில் முட்டையிடும் குதிரைமலை உள்ளான், பொன்னிற உப்புக்கொத்தி போன்றவையும் குறைந்தன. கிரவுஸுக்காக நரியைக் கொன்ற காவலன், தான் அறியாமலே பருந்தையும் காத்து வந்திருக்கிறான்!

இடைவழி ஒன்றும் தேடப்பட்டது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் சில பருந்துக் கூடுகளுக்கு அருகே கம்பம் நட்டு, கோழிப்பண்ணைகளில் கழிக்கப்படும் சேவற்குஞ்சுகளையும் வெள்ளெலிகளையும் இறந்த நிலையில் அவற்றின்மேல் வைத்தனர். நூறு மணி நேரக் கண்காணிப்பில், உணவு வைக்கப்படாத கூடுகளுக்குப் பருந்துகள் கொண்டுவந்த கிரவுஸ் குஞ்சுகள் சராசரி 3.7, உணவு வைக்கப்பட்ட கூடுகளுக்கு 0.5. பருந்தைக் கொல்லாமலே அதன் வாயிலிருந்து குஞ்சுகளை மீட்க முடியும் என்று தெரிந்தது. ஆயினும் அவ்வாண்டுகளில் கிரவுஸ் பெருகிவிடவில்லை. தொட்டியில் ஓட்டைகள் பல. ஒன்றை அடைத்தால் மட்டும் நீர்மட்டம் உயர்வதில்லை.

2008இல் காவலர்கள் மீண்டும் அமர்த்தப்பட்டனர். பருந்துக்கு உணவு வைத்தல், ஹெதரை மீட்டல், நரியைக் கட்டுப்படுத்தல் ஆகிய யாவும் ஒருசேர நடந்தன. பூனைப்பருந்து மீண்டது, 2014இல் 12 பெட்டைகள் அடைகாத்தன. கிரவுஸும் ஓரளவு பெருகியது. ஆனால் பழையபடி பெரும் வேட்டை நடத்தும் அளவை எட்டவில்லை. முடிவில் அந்த நிலத்தின் ஒரு பகுதியை 2021, 2022ஆம் ஆண்டுகளில் லாங்ஹோம் ஊர்மக்களின் அமைப்பே நன்கொடை திரட்டி விலைக்கு வாங்கி, இயற்கைக் காப்பகமாக்கியது.

மற்ற இடங்களில் வழக்கு இன்னும் ஓயவில்லை. இங்கிலாந்தில் பூனைப்பருந்து முன்னூறு இணைகளுக்கு மேல் வாழத்தக்க நிலம் உள்ளதாக மதிப்பிட்டிருக்கின்றனர். ஆனால் 2013ஆம் ஆண்டில் அந்நாடு முழுவதிலும் ஓர் இணைகூட வெற்றியுடன் குஞ்சு பொரிக்கவில்லை. சட்டத்தை மீறிக் கொல்வதே அங்கு இந்த இனம் பெருகாமைக்கு முதன்மைக் காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதன்பின் நிலைமை சற்றுத் தேறியுள்ளது. எனினும் நிலத்தின் தகுதிக்கும் அங்குள்ள எண்ணிக்கைக்கும் இடைவெளி பெரிது.

நாம் கற்பது

"ஊனுண்ணி இரையினத்தைக் குறைக்குமா?" என்ற கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்ற ஒற்றைச் சொல் விடை கிடையாது என்பதை இதுவரை கண்டோம். கிளென் எஸ்க்கிலும் கிரவுஸ்தான், லாங்ஹோமிலும் கிரவுஸ்தான். முன்னதில் குளிர்காலத்து நிலமற்ற பறவைகள் இரையாயின. பின்னதில் அடைகாக்க வந்த பறவைகளும் குஞ்சுகளும் இரையாயின. இரண்டு முடிவுகளும் சரியே. பருந்தின் கூட்டடியில் கிடக்கும் இறகுகளை எண்ணினால் எத்தனை பறவைகள் கொல்லப்பட்டன என்று தெரியும்; கொல்லப்படாவிட்டால் எத்தனை பிழைத்திருக்கும் என்று தெரியாது. அதை அறிய ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நிலம் வேண்டும். பொறுமையாக எண்ணப் பல ஆண்டுகள் வேண்டும்.

இனி எங்கேனும் ஒரு விலங்கின்மேல் "இதனால்தான் அது அழிகிறது" என்ற குற்றச்சாட்டைக் கேட்டால் நீங்களும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பருவத்தில் எண்ணினார்கள்? இறந்தவற்றுள் எத்தனை எப்படியும் இறந்திருக்கும்? அந்த ஊனுண்ணியைப் பெருக வைத்தது எது? கடைசிக் கேள்விக்கு விடை தேடிப் போனால், லாங்ஹோமில் கண்டதுபோல், குற்றவாளிக் கூண்டில் பருந்துக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டு மந்தையும், அதை மேயவிட்ட மனிதனும் நிற்பதைக் காண நேரலாம்.